ஏழு விநாடிக்கு அனுமதி இல்லை

சென்ற வாரம் தபாலில் ஒரு கனமான உறை வந்தது. வட இங்கிலாந்து ஒலிபரப்பு வாரியம் தன் வெள்ளி விழாவுக்குப் போட்ட மலர். வழவழப்பான தாள். முதல் ஒன்பது பக்கங்களில் தலைவர்களின் படங்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் கணவர் இருந்தார். படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது: 'மறைந்த அமோஸ் இபட்சனின் புகழ்பெற்ற நகைச்சுவை இடைவெளி, வாரியத்தின் பொறுமையான பராமரிப்பில் வளர்ந்த கலை.'

நான் முப்பது வருஷம் நகர நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள். அச்சில் வந்த பொய்யைக் கண்டு அலறிப் பழக்கமில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு டீ போட்டேன். உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பராமரிப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அமோஸ் ஷெஃபீல்டில் டிராம் கண்டக்டர். அதற்கு முன்னால், பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வருஷம், கத்திப் பட்டறையில் சாணைக் கல்லின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தார். கல்தூளும் இரும்புத்தூளும் நெஞ்சுக்குள் போய்த் தங்கின. டாக்டர் பரிசோதித்துவிட்டு, வெளிக் காற்று படுகிற வேலையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஷெஃபீல்டின் காற்றை மருந்தாக எழுதிக் கொடுத்த டாக்டர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சனிக்கிழமைகளில் அட்டர்கிளிஃப் தொழிலாளர் மன்றத்தில் அமோஸ் மேடையேறி டிராம் கதைகள் சொல்வார். முன் வரிசையிலிருந்து நான் பயணியாகக் கேள்வி கேட்பேன். ஒரு சனிக்கிழமை, "இந்த டிராம் சந்தைக்குப் போகுமா?" என்று கேட்டேன். அதற்கு நீளமான பதில் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் மூச்சு வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். முகத்தில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை, ஏதோ தீவிரமாக யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. இருநூறு பேர் பீர்க் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்திக் காத்திருந்தார்கள். ஏழு விநாடி. கடைசியில் வந்த மூச்சில் இரண்டு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது.

"நேத்து போச்சுங்க."

அன்று சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் நாற்காலியோடு சாய்ந்தார்கள். மூச்சு நன்றாக வந்த நாட்களிலும் அதற்குப் பிறகு அவர் அந்த ஏழு விநாடியை விடவில்லை. "பேசறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான் டோரா. பேசாம இருக்கத்தான் ஆள் இல்ல" என்பார். அவருக்கு என்று இருந்த சொத்து அதுதான். அதை வானொலியில் ஒரே ஒரு தடவை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும், வடக்கே இருக்கிற எல்லா வீட்டுச் சமையலறையும் ஒரே சமயத்தில் காத்திருந்து சிரிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

1948இல் வாரியம் கூப்பிட்டது. 'புதன் மாலைக் கதம்பம்', ஏழரை மணி, நேரடி ஒலிபரப்பு.

முதலில் குரல் தேர்வு. முகத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தேர்வாளர்கள் வேறு அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் மட்டும் கேட்பார்கள். ஆனால் அமோஸ் கறுப்பு மாலைக்கோட்டும் கழுத்தில் பூ மாதிரி முடிச்சிட்ட பட்டு டையும் அணிந்துதான் மைக்கின் முன் நிற்க வேண்டும். யாரும் பார்க்கப் போவதில்லையே என்று கேட்டிருக்கிறார். விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாரிய அலுவலர் மிஸ் பார்மின்டர், "கோட்டு போடாதவங்க குரல்ல அது கேக்கும்" என்றாராம்.

"அப்ப பேன்ட்டு?"

மிஸ் பார்மின்டர் இரண்டு பக்கம் புரட்டினார். "பேன்ட்டு மைக்குக்குக் கீழ வருது. அதுக்கு விதி இல்ல."

எங்களிடம் கோட்டு இல்லை. என் அக்காவின் கணவர் சவ அடக்கத் தொழில் நடத்தினார். அவருடைய கறுப்புக் கோட்டைப் புதன்கிழமைகளில் இரவல் வாங்கினோம். அவருக்குப் பகலில்தான் வேலை என்பதால் ஒத்துப்போயிற்று.

பேசப் போகிற ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். சிரிக்கக் கூடாத விஷயங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பாதிரிமார், நகராட்சி, பல் டாக்டர், முயல், ஸ்காட்லாந்து. முயல் ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அமோஸ் எழுதிக் கொடுத்த தாளில் இவற்றில் எதுவும் இல்லாததால் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பேசாமல் இருப்பதை எப்படி எழுதுவது என்று தெரியாததால் அவர் அதை எழுதவில்லை.

நானும் அக்காவும் வீட்டு வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தோம். வாரியத்து நடிகை ஒருத்தி ராணி மாதிரிக் குரலில் இந்த டிராம் சந்தைக்குப் போகுமா என்று கேட்டாள். ஒரு விநாடி, இரண்டு, மூன்று, நான்கு. சட்டென்று பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒன்று ஆல்ப்ஸ் மலை நடனம் வாசிக்க ஆரம்பித்தது. அதன் அடியில் எங்கேயோ ஓர் ஆள், நேத்து போச்சுங்க என்று சொன்னது கேட்டது.

மறுநாள் டிராமில் ஓர் இரும்பாலைக்காரர் டிக்கெட் வாங்கும்போது, "நேத்து ரேடியோவுல உன் டிராமுக்குள்ள பேண்டு வாசிச்சாங்களே கண்ணு, அதுக்குத் தனி டிக்கெட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்காரும் வால்டர் டிரிக்கெட் என்ற இன்ஜினியர்தான் அந்தப் பேண்டை விட்டவர். அவர் அருகில் ஒரு நெம்புகோல் இருந்தது. நான்கு விநாடி சத்தம் வராவிட்டால் அதை இழுக்க வேண்டும். எந்நேரமும் ஊசிக்கு அடியில் தயாராக இருக்கும் இசைத்தட்டு சுழலத் தொடங்கும். போரின்போது வந்த விதி. காலி இடம் விட்டால் எதிரி உள்ளே நுழைந்து பேசிவிடுவான் என்று பயம். டிரிக்கெட் நல்ல மனுஷர். மறு வாரம் ஒரு பொட்டலம் பொரித்த மீனோடு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் புதனும் அதே நெம்புகோலை இழுத்தார். மீனும் கொண்டுவந்தார்.

அமோஸ் கேளிக்கைப் பிரிவின் தலைவர் மேஜர் ஹெஸ்கத்திடம் போனார். என்னையும் கூட்டிப் போனார், ஏனென்றால் மேஜர் பேசுவது பாதிதான் புரிகிறது என்றார். மேஜர் முன்னால் குதிரைப் படைக்கு உணவுப் பொருள் வாங்கும் பிரிவில் இருந்தவர். சிரிப்பை அந்த அனுபவத்தோடு நிர்வகித்தார்.

"போர் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சே ஐயா" என்றார் அமோஸ்.

"முடிஞ்சதுன்னு செய்தியில நாங்களே வாசிச்சோம், இபட்சன். ஆனா எங்க பிரிவுக்கு எழுத்துல வரல."

அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்களுக்கு விளக்கினார். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. "நாலு விநாடி ஒண்ணும் கேக்கலன்னா, கேக்கறவன் தன் பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைப்பான். அஞ்சாவது விநாடி நாடே கெட்டுப்போச்சுன்னு நினைப்பான். ஆறாவது விநாடியில அவனே யோசிக்க ஆரம்பிச்சிடுவான். அதுக்கெல்லாம் வாரியம் பொறுப்பேத்துக்க முடியாது."

அமோஸ் பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜர் நான்காவது விநாடியில் மணியை அடித்து மிஸ் பார்மின்டரைக் கூப்பிட்டார்.

மௌனத்துக்கு விண்ணப்பப் படிவம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் நான்கு வகைகள். துயரம், பிரார்த்தனை, மன்னர் பேசுவதற்கு முன், இயந்திரக் கோளாறு. நகைச்சுவை இல்லை. அமோஸ் கையாலேயே ஐந்தாவது கட்டம் ஒன்று வரைந்து அதில் குறியிட்டார். வாரிய வரலாற்றில் யாரும் கட்டம் வரைந்ததில்லையாம். அதை விசாரிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள்.

துணைக்குழு ஐந்து மாதம் கூடியது. ஒரு நாள் அமோஸை அழைத்து, கேள்வி வேண்டாம், பதில் வேண்டாம், மௌனத்தை மட்டும் செய்து காட்டச் சொன்னது. சவக் கோட்டு அணிந்து நீண்ட மேசையின் முன் நின்று அவர் ஏழு விநாடி மௌனமாக இருந்தார். முடித்துவிட்டு வணங்கினார். ஓரத்தில் இருந்த உறுப்பினர், "சரி, ஆரம்பிக்கலாமே" என்றார்.

தீர்ப்பு வந்தது. நேயர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தால் மௌனம் ஆபத்தில்லை. எனவே அடுத்த புதன், நடிகை கேள்வி கேட்டதும் அறிவிப்பாளர் குறுக்கே வந்து, "அடுத்து வருவது ஏழு விநாடி நகைச்சுவை மௌனம். உங்கள் பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை" என்று படித்தார். பிறகு மிஸ் பார்மின்டர் விநாடிகளை எண்ணினார். எண்ணுவது சத்தம் என்பதால் டிரிக்கெட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. 'ஏழு' என்று அவர் சொன்னதும் அமோஸ் தன் இரண்டு வார்த்தையைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டி கெடவில்லை என்று தெரிவித்ததற்கு நன்றி கூறி நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. வாரியம் இதைப் பெரிய வெற்றியாகக் கருதியது.

அமோஸ் மறுபடியும் போய் நின்றார். இந்தத் தடவை மேஜருக்கே ஒரு யோசனை உதித்தது. வாரியத்தின் ஒலிக்கிடங்கில் குதிரைக் குளம்பு, மழை, கதவு, கூட்டத்தின் இரைச்சல் என்று எல்லாமே தட்டில் பதிந்து எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. மௌனமும் இருந்தது. தட்டு எண் பதினான்கு: தேவாலயத்தின் உள்ளே, போர் நினைவு நாள், 1936. அது ஏற்கெனவே ஒலிபரப்பான மௌனம். ஆகவே புது அனுமதி வேண்டாம். தட்டு சுழலும் இரைச்சல் இருப்பதால் நெம்புகோலும் வேண்டாம்.

"உங்க மௌனம் புதுசு, இபட்சன். அது எப்படி நடந்துக்கும்னு எங்களுக்குத் தெரியாது. இது தேறின மௌனம். ரெண்டு பிஷப்புங்க இருந்தாங்க."

"அப்ப அந்த நேரம் நான் என்ன பண்றது ஐயா?"

"சும்மா இருங்க. ஆனா சத்தம் வராம."

தட்டு எண் பதினான்கில் ஐந்தாவது விநாடியில் ஒரு இருமல் இருந்தது. பழைய கதீட்ரல் தலைமைப் பாதிரியாரின் இருமல் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் இறந்து பத்து வருஷமாகியிருந்தது. கேள்வி, தேவாலயத்தின் பெரிய எதிரொலிக்கும் அமைதி, நடுவே கனமான ஒரு இருமல், பிறகு "நேத்து போச்சுங்க." வடக்கு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிரியாரின் மகள் மட்டும் புகார் எழுதினாள். பாதிரிமாரைப் பற்றிச் சிரிக்கக் கூடாது என்ற விதி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்று பதில் போனது.

அடுத்த மாதமே அமோஸ் 'இருமல் இபட்சன்' ஆனார். டிராமில் ஏறுகிறவர்கள் டிக்கெட் கேட்காமல் இருமினார்கள். வாரியம் அவர் படத்தைப் போட்டு இருமல் மாத்திரை டப்பாவே செய்ய நினைத்தது. பெயரும் புகழும் வந்தன, பேசாமல் இருந்த அவருடைய ஏழு விநாடிக்குப் பதிலாகச் செத்துப்போன ஒருவரின் இருமலுக்கு.

உண்மையான இருமல் வீட்டில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் சாணைத்தூள் அவரை விடவில்லை. படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு புதன்கிழமை ஒத்திகையில் இருமிவிட்டார். மிஸ் பார்மின்டர் உடனே விதி இருபத்தெட்டைக் காட்டினார். இருமல் உள்ளவர்கள் ஒலிபரப்பு அறைக்குள் வரக் கூடாது.

"என் பேரே இருமல் இபட்சன்தானம்மா."

"அது தட்டுல இருக்கற இருமல் மிஸ்டர் இபட்சன். அது அங்கீகாரம் வாங்கினது. உங்களது தரமா இல்ல."

அவர் இல்லாமலே நிகழ்ச்சி நடந்தது. கேள்வியும் தட்டும் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. இரண்டு வார்த்தையை அறிவிப்பாளர் படித்தார்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டிரிக்கெட் மீன் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். நர்ஸ் மீனைப் பிடுங்கிக்கொண்டாள். அமோஸ் அவரிடம் மெதுவாக, ஒரு வார்த்தைக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீளமாக விட்டு, "ஒரே ஒரு புதன்கிழமை... கைய ரெண்டையும்... பாக்கெட்ல வச்சுக்கோயேன், வால்டர்" என்றார்.

டிரிக்கெட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்கு அமோஸ்."

"சரி விடு. கைக்கு... குளிருமேன்னு... கேட்டேன்."

பத்து நாள் கழித்து அமோஸ் போய்விட்டார். என் அக்கா கணவர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அது இன்னும் அமோஸின் தோள் அளவுக்குத் தளர்ந்தபடியே இருந்தது.

வாரியம் நினைவு நிகழ்ச்சி நடத்த முடிவு செய்தது. மேஜர் உரை, பேண்டு, மனைவி ஒரு வரி, பிறகு பத்து விநாடி மௌனம். மிஸ் பார்மின்டர் படிவத்தை என் முன்னாலேயே நிரப்பினார். வகை: துயரம். முதல் கட்டம். ஒரு நிமிஷத்தில் முத்திரை விழுந்தது. ஐந்து மாதம் கூடியும் துணைக்குழுவால் முடியாதது, அமோஸ் செத்ததால் முடிந்துவிட்டது. நெம்புகோலை இழுக்கக் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு போகும் என்றார். துயர மௌனத்துக்கு மட்டும் அப்படியொரு சலுகை உண்டாம்.

நான் பேசப் போகும் ஒரு வரியை முன்பே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். மிஸ் பார்மின்டர் அதைப் பட்டியலோடு ஒப்பிட்டார். பாதிரிமார் இல்லை, முயல் இல்லை. இது வெறும் கேள்வி, பதில்தான் நகைச்சுவை, பதில் இதில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 'நகைச்சுவையற்றது' என்று முத்திரை குத்தினார்.

புதன்கிழமை ஏழரை மணி. அரங்கில் முந்நூறு பேர். பாதிக்கு மேல் அட்டர்கிளிஃப் ஆட்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில். எனக்கும் கறுப்புக் கோட்டு அணிய வேண்டியிருந்தது. குரலில் கேட்குமாம்.

மேஜர் பேசினார். "இபட்சன் நம்மிடம் வந்தபோது அவரிடம் வெறும் மௌனம் இருந்தது. அதற்கு எண் கொடுத்தோம். வகை கொடுத்தோம். ஒரு இருமலும் கொடுத்தோம். காலம் இடம் கொடுத்திருந்தால், அவர் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் செய்திருப்போம்." கைதட்டினார்கள். வாரியத்தின் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் மட்டும்.

நான் மைக்கின் முன் போனேன். தாள் கையில் இருந்தது. பார்க்கத் தேவைப்படவில்லை. முன் வரிசையிலிருந்து எத்தனையோ சனிக்கிழமை கேட்ட மாதிரியே கேட்டேன்.

"இந்த டிராம் சந்தைக்குப் போகுமா?"

மேஜர் தலையைக் குனிந்தார். மௌனம் தொடங்கியது.

ஒன்று. இரண்டு. கண்ணாடிக்குப் பின்னால் டிரிக்கெட் எழுந்து நின்றார். மூன்று. யாரோ நாற்காலியை நகர்த்தப் போய் நிறுத்திக்கொண்டார்கள். நான்கு. டிரிக்கெட் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். உத்தரவு எழுத்தில் இருந்தது, அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து. இருமல் வரவில்லை. அட்டர்கிளிஃப்காரர்கள் மேடையைப் பார்த்தார்கள், அங்கே அவர் நிற்கும் இடத்தை. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறு.

ஏழாவது விநாடியில் பின் வரிசையில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு. பிறகு அந்த வரிசை. பிறகு எல்லா வரிசையும். பதிலை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேஜர் குனிந்த தலையோடு நின்றார், துயரத்துக்கு இன்னும் மூன்று விநாடி பாக்கி இருந்ததால் அவரால் நிமிர முடியவில்லை. அன்று மாலை எங்கள் தெருவில் சன்னல்கள் வழியாகவே சிரிப்பு கேட்டதாக அக்கா சொன்னாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள். மைக் என் பக்கம்தான் இருந்தது, எது செய்தாலும் கேட்டிருக்கும்.

ஒரு வாரத்தில் வாரியத்திலிருந்து கடிதம். 'துயர மௌனத்தின் ஏழாம் விநாடியில் அனுமதியற்ற சிரிப்பு பதிவாகியுள்ளது. இது தங்களால் தூண்டப்பட்டதா என்பதற்கு எழுத்தில் விளக்கம் தேவை.' நான் பதில் போடவில்லை. மறு வருஷம் நினைவூட்டல் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. மேஜர் ஓய்வு பெற்றார். டிரிக்கெட் பென்ஷன் வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நினைவூட்டல்கள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

வெள்ளி விழா மலரோடு வந்தது ஏழாவது. பராமரிப்பைப் பற்றிய அந்தப் பக்கத்துக்கு நேராகச் செருகியிருந்தார்கள். 'ஏழு ஆண்டுகளாக நிலுவையில் உள்ள தங்கள் விளக்கம் எப்போது அனுப்பப்படும் என்பதை உடனே தெரிவிக்கவும்.'

விளக்கம் எதுவும் நான் எழுதவும் இல்லை, அனுப்பவும் இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு விநாடி என்று கணக்கு வைத்துப் பார்த்தேன். நேரம் வந்துவிட்டது. இன்று காலை ஒரு தபாலட்டை வாங்கி, வாரியத்தின் முகவரியை ஒரு பக்கம் எழுதினேன். மறுபக்கம் இரண்டு வார்த்தைக்குத்தான் இடம் வைத்தேன்.

நேத்து போச்சுங்க.